ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

காலரா முற்றினால் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட வெளியேறிவிடும். குழந்தை என்றால் சில மணி நேரத்திலேயே கண்கள் குழிவிழுந்துவிடும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். சரி, தண்ணீர் கொடுத்தால் தீராதா? தீராது. காலரா நஞ்சு, குடல் செல்களில் குளோரைடு வெளியேறும் பாதைகளைத் திறந்துவிடுகிறது. உப்பும் அதன் பின்னாலேயே தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. குடிக்கிற வெறும் தண்ணீரும் அதோடு போய்விடும்.

ஆனால் அதே குடல் சுவரில் ஒரு கதவு மட்டும் பழுதாகாமல் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால், கதவாக இருக்கும் புரதம் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் தானாகப் பின்தொடரும். சர்க்கரை இங்கே தெம்புக்கு அல்ல, உப்பைக் கைபிடித்து அழைத்துப் போவதற்கு. இந்தக் கூட்டணியை 1960இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார்.

உலகம் கெட்டுக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதவுதான் நினைவுக்கு வரும்.

1971இல் கிழக்கு பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் குவிந்தார்கள். காலரா பரவியது, ஏற்றுவதற்கு ட்ரிப்ஸ் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. வங்கதேசத்தில் ப்ராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். சொல்லிக் காட்டியதோடு விடவில்லை, தாய்மாரையே கலக்க வைத்தார்கள். பிறகு வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். எழுத்தறியாத தாயின் கைக்கும் அந்தக் குடல் கதவின் சூத்திரம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

1990இல் உலகில் பிறந்த 1000 குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022இல் அது 37. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், தாயின் கல்வி, கொசுவலை என்று பலவும் சேர்ந்த கணக்கு இது. உப்புக் கரைசலுக்கும் அதில் நல்ல பங்கு உண்டு.

அந்த 37 சின்ன எண் அல்ல. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட இந்தக் கரைசல் இன்னும் கிடைப்பதில்லை. ஆனால் அதற்குப் புது மருந்து எதையும் தேட வேண்டியதில்லை. 20.5 கிராம் எடையுள்ள ஒரு உப்பு-குளுக்கோஸ் பொட்டலமும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரும் அந்த வீடு வரை போனால் போதும்.