ரோபாட்ஸ் கோப்பு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

தேடுபொறிகளுக்காக இணையப் பக்கங்களைத் தானாக எடுத்துச் செல்லும் நிரல்களே க்ராலர்கள். கூகுள்பாட், பிங்பாட் போன்ற க்ராலர்கள் ஒரு தளத்தின் பக்கங்களை எடுக்கத் தொடங்குமுன், எவற்றை எடுக்கலாம், எவற்றை எடுக்கக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி (robots.txt) என்ற சிறிய எழுத்துக் கோப்பைக் கேட்கும். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு இது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே ஓடி, 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறையான வரையறை கிடைத்தது. தளத்தின் மூல ஃபோல்டரில் இருந்தால் மட்டுமே கோப்பு செல்லுபடியாகும். துணை டொமைன் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும்.

இதில் எழுதுவது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. நாணயமான க்ராலர் மதிக்கும், மற்றவை மதிக்கா. நிர்வாகப் பக்கத்தின் முகவரியை, ‘எடுக்காதே’ என்று சொல்லும் ‘டிஸ்அலோ’ (Disallow) வரியில் எழுதுவது, அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்வதாகும். மறைக்க வேண்டியதற்குக் கடவுச்சொல் போடுங்கள்.

பெரிய குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. டிஸ்அலோ தடுப்பது பக்கத்தை எடுப்பதை. தேடல் முடிவில் தோன்றுவதை அல்ல. வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால், விவரம் இல்லாமல் முகவரி மட்டும் முடிவுகளில் வரக்கூடும். வராமல் செய்ய ‘நோஇண்டெக்ஸ்’ குறிச்சொல்லைப் பக்கத்திலோ சர்வர் பதிலோடு அனுப்பும் ஹெடர் வரியிலோ வைக்க வேண்டும். பலர் இரண்டையும் சேர்த்துப் போட்டு விடுகிறார்கள். பக்கத்துக்குள் நுழையவே தடை என்றால், உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸை க்ராலர் எப்படிப் படிக்கும்? முதலில் தடையை நீக்குங்கள். பக்கம் தேடலிலிருந்து மறைந்த பிறகு, தேவையென்றால் தடையைத் திரும்பப் போடலாம். நோஇண்டெக்ஸை ரோபாட்ஸ் கோப்பிலேயே எழுதுவதும் வீண். கூகுள் 2019 செப்டம்பரோடு அதைக் கைவிட்டது.

விதிகள் முகவரியின் தொடக்கத்தோடு பொருத்திப் பார்க்கப்படுகின்றன. ‘/கடை’ என்று தடுத்தால் ‘/கடைகள்’ மட்டுமல்ல, ‘/கடைசி-செய்தி’யும் மாட்டிக்கொள்ளும். அந்த ஃபோல்டரை மட்டும் தடுக்க ‘/கடை/’ என்று சாய்கோட்டோடு முடிக்க வேண்டும். ‘/க’ என்று நிறுத்தினால் ‘/கோயில்’கூடச் சிக்கும், ஏனெனில் யூனிகோடில் முதலில் நிற்பது க, அதன் பின்னரே உயிர்க்குறி. ஒரே முகவரிக்கு அனுமதி, தடை இரண்டும் பொருந்தினால் நீளமான விதியே வெல்லும். நீளம் சமமென்றால் அனுமதிக்குத்தான் முன்னுரிமை. வரிகளின் வரிசைக்கு இதில் பங்கில்லை.

தமிழ் முகவரிகளில் இன்னொரு கண்ணி உண்டு. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு பைட்டுகள். விதியைக் கையால் தட்டாமல், சர்வரின் பதிவேட்டில் உள்ள முகவரியிலிருந்தே நகலெடுப்பது பாதுகாப்பு.

எந்தக் க்ராலருக்கு எந்த விதிகள் என்று பிரிக்கும் ‘யூசர்-ஏஜென்ட்’ குழுக்களும் ஏமாற்றும். எல்லாக் க்ராலருக்குமான நட்சத்திரக் குறியின் (*) கீழ் பத்து விதிகள், கூகுள்பாட்டின் கீழ் ஒரே ஒரு விதி என்றால், கூகுள்பாட் தன் ஒரு விதியை மட்டும் பார்க்கும். பொதுவான பத்தும் அதற்கு இல்லை. வேண்டியவற்றை மறுபடியும் அங்கே எழுதத்தான் வேண்டும். பக்கங்களை இடைவெளி விட்டு எடுக்கச் சொல்லும் ‘க்ரால்-டிலே’ வரியைக் கூகுள் பொருட்படுத்துவதே இல்லை.

ரோபாட்ஸ் கோப்பைக் கேட்கும்போது சர்வர் தரும் பதில் எண் விதிகளைவிட முக்கியம். கோப்பு இல்லை என்னும் 404 வந்தால் தடையே இல்லை என்று பொருள். சர்வர் பிழையைக் குறிக்கும் 500, 503 போன்றவை வந்தால் கூகுள் முழுத் தளத்தையும் தடையாகவே எடுத்துக்கொண்டு எடுப்பதை நிறுத்தும். முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகும் பிழை நீடித்தால், கையிலிருக்கும் பழைய நகலை 30 நாள்வரை பின்பற்றும். ஆகவே ஃபயர்வால் இந்த ஒரு கோப்பை மட்டும் 503 எனத் திருப்பினாலும், பக்கங்கள் நன்றாகத் திறக்கும். அந்த முதல் 12 மணி நேரம் கூகுளின் க்ராலர் மட்டும் வராது.

தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு சைட்மேப். அதில் கவனிக்க வேண்டியவை குறைவு. ஒரு கோப்பில் 50,000 முகவரி, சுருக்காத அளவில் 50 எம்பி. மீறினால் பிரித்து, ஒரு குறியீட்டுக் கோப்பில் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிக்கும் முன்னுரிமை, அது எவ்வளவு அடிக்கடி மாறும் என்ற இடைவெளி ஆகிய இரண்டையும் கூகுள் பார்ப்பதில்லை. நிரப்பி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் ‘லாஸ்ட்மாட்’ தேதி மட்டும் நம்பகமாக இருந்தால் பயன்படும். தினமும் எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதி போடும் செருகுநிரல் அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். வேறு முகவரிக்குத் திருப்பப்படும் பக்கங்களையும், நோஇண்டெக்ஸ் போட்டவற்றையும் சைட்மேப்பில் சேர்க்கக் கூடாது. முகவரியில் உம்மைக்குறி (&) இருந்தால், சைட்மேப் எழுதப்படும் எக்ஸ்எம்எல் மொழிக்கான மாற்றுவடிவில் (&) எழுத வேண்டும். தவறினால் கோப்பையே படிக்க முடியாமல் போகலாம்.

அதிகம் நடக்கும் விபத்து ஒன்றுதான்: சோதனைத் தளத்தில் எல்லாவற்றையும் தடுக்கப் போட்ட ‘டிஸ்அலோ: /’ வரி, வெளியீட்டின்போது அப்படியே உண்மையான தளத்துக்கு வந்துவிடுவது. திருத்தியவுடன் பலன் தெரியாது, ஏனெனில் கூகுள் கோப்பின் நகலை வழக்கமாக 24 மணி நேரம்வரை வைத்திருக்கும். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், ரோபாட்ஸ் அறிக்கையில் கூகுள் கடைசியாக எடுத்த நகலையும் நேரத்தையும் பார்த்து, அங்கிருந்தே மறுபடி எடுக்கச் சொல்லலாம்.