தாய்லாந்து மாணவர்களின் ஆங்கிலப் பிழைகள்: எங்கிருந்து வருகின்றன, எப்படித் திருத்துவது

தாய்லாந்தின் கல்வி அமைச்சு 2014ஆம் ஆண்டில் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாக அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தை ஆங்கிலக் கல்விக்கு அளவுகோலாக ஏற்றுக்கொண்டு, மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர் அதன் மூன்றாம் படியான பி1 நிலையை எட்டியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பாங்காக்கில் கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக்குச் செல்பவர்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையை ஒட்டியே நிற்கிறார்கள். அவர்களால் தடுமாறாமல் பேச முடியும், மின்னஞ்சல் எழுத முடியும், இலக்கண விதியைக் கேட்டால் சரியாகச் சொல்லவும் முடியும். சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் நடத்தும் சியூ-டெப் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு போன்றவற்றில் வரும் பிழை காணும் வினாக்களுக்கு நன்றாகவே விடையளிப்பவர்கள்கூடத் தாமாக எழுதும்போது அதே பிழைகளைச் செய்கிறார்கள். இங்கே பணிக்கு வரும் நம் ஆசிரியர்கள் சிலர் இதைக் கவனக்குறைவு என்று எண்ணித் தாள் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்புகிறார்கள். அதனால் பிழை குறைவதில்லை, மாணவருக்கு எழுதும் துணிவுதான் குறைகிறது. உண்மையில் அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை, தாய்லாந்து மொழியின் இலக்கணம் ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்து தன் விதிப்படி ஒழுங்காக இயங்குவதால் நேர்பவை. ஆகவே அம்மொழியைச் சரளமாகப் பேச வராவிட்டாலும், அதன் இலக்கண அமைப்பை ஓரளவேனும் அறிந்துகொள்வது இங்கே கற்பிக்க வருபவரின் கடமை என்று கருதுகிறேன்.

லாம்பாங்கைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் ஊரைப் பற்றி எழுதிய வாக்கியம் இது: ‘ஆல்தோ மை ஹோம்டவுன் இஸ் ஸ்மால், பட் ஹேவ் மெனி டெம்பிள்.’ இந்த ஒரே வாக்கியத்தில் நான்கு இடங்களில் அவருடைய மொழி பேசுகிறது. ‘துங்மே’ என்று தொடங்கினால் ‘தே’ என்று தொடர்வது அம்மொழியில் இயல்பான இணை. அதனால் ‘ஆல்தோ’ வந்தவுடன் ‘பட்’ தானாக வந்துவிடுகிறது. ‘மீ’ என்னும் வினை உடைமையையும் குறிக்கும், ஓரிடத்தில் ஒன்று இருப்பதையும் குறிக்கும். ஆகவே ‘தேர் ஆர்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’ வருகிறது. எது பேசப்படுகிறது என்பது தெளிவாக இருந்தால் எழுவாயை விட்டுவிடலாம் என்பதால் ‘இட்’ இல்லை. பெயர்ச்சொல் பன்மை விகுதி ஏற்காது என்பதால் ‘டெம்பிள்’ அப்படியே நிற்கிறது. ‘இரண்டு நாய்கள்’ என்பதை அவர்கள் ‘மா சோங் துவா’ என்பார்கள்: நாய், இரண்டு, அதன்பின் விலங்குகளை எண்ணுவதற்குரிய ஒரு வகைச்சொல். ‘மூன்று பேர் வந்தார்கள்’ என்றும் ‘நாலு மாம்பழம் வாங்கினேன்’ என்றும் பேசும் நமக்கு, எண்ணே பன்மையைச் சொல்லிவிட்ட பிறகு விகுதி எதற்கு என்ற அவர்களது உணர்வு புரியாததல்ல.

காலம் காட்டும் வினைவடிவங்களில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதே இல்லை. ‘நேற்று’ போன்ற சொல்லும் சூழலும் காலத்தைச் சொல்லிவிடும். தேவைப்பட்டால் ‘ச’, ‘கம்லங்’, ‘லேவ்’, ‘கேய்’ போன்ற துணைச்சொற்கள் வினையோடு சேரும். ஒரு செயல் முடிந்ததைக் காட்டும் ‘லேவ்’ ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ ஆகி ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்று வெளிப்படுகிறது. அனுபவத்தைக் குறிக்கும் ‘கேய்’ என்பதற்குப் பள்ளியில் ‘எவர்’ என்று பொருள் சொல்லித்தருவதால் ‘ஐ எவர் கோ டு ஜப்பான்’ என்கிறார்கள். நாம் ‘ஜப்பானுக்குப் போயிருக்கிறேன்’ என்கிறோமே, அதுதான் அவர்கள் சொல்ல விரும்புவது. ‘எவர்’ கேள்விக்கு உரியது, பதிலில் ‘ஐ ஹேவ் பீன்’ என்று சொல்ல வேண்டும் என இரண்டையும் கேள்வி-பதில் இணையாகவே பழக்கினால் இந்தப் பிழை விரைவில் மறைகிறது. இறந்தகால வடிவத்துக்கு, ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போன்ற சொற்களைத் தடைசெய்துவிட்டு ஒரு நிகழ்ச்சியை விவரிக்கச் சொல்கிறேன். காலத்தைச் சொல்ல வேறு வழி இல்லாதபோதுதான் வினையின் வடிவம் எவ்வளவு இன்றியமையாதது என்பது அவர்களுக்கு உறைக்கிறது.

இதில் ஆசிரியர்கள் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. தாய்லாந்து மொழியில் சொல்லின் இறுதியில் ப், த், க் ஆகிய வல்லொலிகளும், ம், ன், ங் ஆகிய மெல்லொலிகளும், ய், வ் ஆகியவையுமே வரும். அந்த வல்லொலிகளும் காற்று வெடித்து வெளிவராமல் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். சொல்லிறுதியில் மெய்கள் அடுத்தடுத்து வருவதும் இல்லை. ‘டென்னிஸ்’ அங்கே ‘தென்னிட்’ ஆகிறது, ‘ஃபுட்பால்’ ‘ஃபுட்பொன்’ ஆகிறது. அப்படியிருக்க, ‘வாக்ட்’ என்பதன் இறுதி ஒலியையும் ‘ஒர்க்ஸ்’ என்பதன் இறுதி ஒலியையும் அவர்கள் வாய் விழுங்கிவிடுவதில் வியப்பில்லை. பேச்சில் விகுதி கேட்கவில்லை என்பதற்காக இலக்கணம் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது அநீதி. அதே வாக்கியத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் விகுதி இருந்தால் அவருக்குத் தேவை ஒலிப்பயிற்சி. எழுத்திலும் இல்லையென்றால்தான் இலக்கணப் பயிற்சி. ஒலிப்பயிற்சிக்கு, உயிரொலியில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்து ‘வாக்ட் அவே’, ‘ஒர்க்ஸ் இன்’ என்று சேர்த்துச் சொல்லப் பழக்கினால் இறுதி ஒலி அடுத்த சொல்லின் முதலொலியாகி எளிதில் வெளிவருகிறது.

பெயரடைகள் அம்மொழியில் வினையைப் போலவே பயனிலையாக நிற்கும் என்பதால் தொடக்க நிலையில் ‘ஷி பியூட்டிஃபுல்’ என்பார்கள். இடைநிலைக்கு வந்ததும் அது திருந்தி, எதிர்த்திசையில் ஒரு பிழை முளைக்கிறது: ‘ஐ ஆம் அக்ரீ’. இது கற்றதை மிகையாகப் பயன்படுத்துவதால் வருவது. கடிந்துகொள்ளாமல் சுட்டிக்காட்டினால் போதும். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லிவிட்டுத் தம்மையே குறைத்துக்கொண்டதை அறியாமல் இருப்பவர்களுக்கு உதவ அவர்கள் மொழியிலேயே வழி இருக்கிறது. ‘புவா’ என்றால் சலிப்படைந்திருப்பது, ‘நாபுவா’ என்றால் சலிப்பூட்டுவது. ‘நா’ வரும் இடத்தில் ‘போரிங்’, ‘நா’ இல்லாத இடத்தில் ‘போர்ட்’ என்று ஒருமுறை காட்டிவிட்டால், பல பக்க விளக்கம் செய்யாததை அது செய்துவிடும்.

நீண்ட கட்டுரைகளில் வாக்கியங்கள் முடிவில்லாமல் காற்புள்ளிகளால் ஓடுவதற்கும் காரணம் உண்டு. தாய்லாந்து எழுத்துமுறையில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை; தொடர் முடியும் இடத்தில்தான் இடைவெளி வரும். முற்றுப்புள்ளியிட்டு வாக்கியத்தை முடிக்கும் வழக்கமும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையே புதிதாகக் கற்க வேண்டியவர்களிடம் ‘ஃபுல்ஸ்டாப் எங்கே’ என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு முற்றுவினையையும் அடிக்கோடிட்டு, அதற்குரிய எழுவாயை வட்டமிடச் சொல்கிறேன். இணைப்புச்சொல் இல்லாமல் இரண்டாவது எழுவாய்-வினை இணை தொடங்கும் இடத்தில் புள்ளி வைக்கப் பழகுகிறார்கள்.

எதிர்மறைக் கேள்விகளில் நம் ஆசிரியர்களும் கவனமாக இருக்க வேண்டும். ‘ஹேவன்ட் யூ ஃபினிஷ்ட்?’ என்று கேட்டால், முடிக்காத மாணவர் ‘யெஸ்’ என்பார்; கேள்வியில் சொன்னது சரி என்பது அவர் பொருள். ‘இன்னும் முடிக்கலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, முடிக்கலை’ என்று நாம் சொல்வதும் இதே முறைதான் என்பதால், கேட்பவரும் பதில் சொல்பவரும் ஆங்கிலத்துக்குப் புறம்பான ஓர் ஒப்பந்தத்தில் வகுப்பை நடத்திவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த மாணவர் நாளை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அதே ‘யெஸ்’ சொல்லும்போதுதான் சிக்கல் தெரியவரும். வெறும் ‘யெஸ்’, ‘நோ’ என்று நிறுத்தாமல் ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்று முழுப் பதிலாகச் சொல்வதை முதல் வாரத்திலிருந்தே கட்டாயமாக்குங்கள். உங்கள் கேள்விகளையும் இயன்றவரை ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட்?’ என்று நேர்மறையாகவே கேளுங்கள்.