கிளட்ச்: இக்கட்டில் கைகொடுப்பவரை என்னவென்று அழைப்பது?

மோட்டார் சைக்கிள் ஓட்டும் நமக்கு கிளட்ச் என்றால் இடது கைப்பிடியில் இருக்கும் நெம்புகோல். அமெரிக்க பேஸ்பால் ரசிகரிடம் அதே சொல்லைச் சொன்னால், பருவ இறுதி ஆட்டங்கள் நடக்கும் அக்டோபர் மாதத்து ஏதோ ஓர் ஆட்டத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசத் தொடங்கிவிடுவார். ஆட்டத்தின் முடிவு ஒரே அடியை நம்பியிருக்கும்போது அந்த அடியை அடித்துக் காட்டுகிறவர் அவருக்கு ‘கிளட்ச்’ ஆட்டக்காரர். அந்த நேரம் பார்த்துக் கை நடுங்குகிறவர் ‘சோக்’ ஆகிறவர். நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதும் நாட்களில் இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் ஒரு வாக்குவாதம்கூட நடக்காது.

சொல்லின் வேர் எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் விரல்களை மடக்கி இறுகப் பற்றுவதைக் குறித்த வினை அது. எஞ்சினின் சுழற்சியைப் பற்றிக்கொண்டு சக்கரத்துக்குக் கடத்தும் உறுப்புக்கும் அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. (ஒரு கூட்டில் இருக்கும் பறவை முட்டைகளையும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதுவார்கள். அது குஞ்சு பொரிப்பதைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது. இங்கே அதற்கு வேலையில்லை.) 1920களில் அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் ‘கிளட்சில்’ என்றால் ‘இறுகிய நேரத்தில்’, ‘பிடி நெருக்கும் வேளையில்’ என்று பொருள். அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்த சொல் ‘பிஞ்ச்’, அதாவது கிள்ளுதல், நெருக்குதல். நெருக்கடியில் மாற்றாக இறக்கப்படும் மட்டையாளரை ‘பிஞ்ச் ஹிட்டர்’ என்பது இன்றும் வழக்கு. கிறிஸ்டி மேத்யூசன் என்ற புகழ்பெற்ற பந்தெறியாளர் 1912இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘பிஞ்ச்’ உண்டு.

பிஞ்ச், கிளட்ச் இரண்டுமே முதலில் நேரத்தைக் குறித்தன, ஆளைக் குறிக்கவில்லை. ‘கிளட்சில் நன்றாக ஆடினார்’ என்பது ஒரு செய்தி. ‘அவர் கிளட்ச் ஆட்டக்காரர்’ என்பது ஒரு பட்டம். முதலாவதை மறுக்க யாராலும் முடியாது, ஸ்கோர் அட்டையே சாட்சி. இரண்டாவதைச் சொன்ன நொடியில் சண்டை தொடங்கும். பேஸ்பால் உலகில் இத்தனை ஆண்டுகளாக ஓயாத வழக்கு முழுவதும் இந்த இலக்கண நகர்விலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம்.

2004 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கன் லீக் இறுதித் தொடர். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி உலகத் தொடருக்கு, அதாவது பருவத்தின் கோப்பைக்கான கடைசித் தொடருக்குப் போகும். யாங்கீஸ் முதல் மூன்றையும் வென்றுவிட்டது. மூன்றாவதை பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் 19–8 என்று வென்றது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் வரலாற்றில் 3–0 என்று பின்தங்கிய எந்த அணியும் அதுவரை ஏழு ஆட்டத் தொடரை வென்றதில்லை. பாஸ்டனோ 1918க்குப் பிறகு உலகத் தொடர் எதையும் வெல்லாத அணி. பேப் ரூத் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை யாங்கீஸுக்கு விற்ற சாபம் என்று மூன்று தலைமுறைகள் புலம்பிக்கொண்டிருந்தன.

நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 4–3 என்று முன்னிலை. பந்தெறிய நிற்பவர் மரியானோ ரிவேரா. முன்னிலையைக் கையில் கொடுத்தால் பூட்டிவைப்பார் என்று எதிரணியே நம்பிய மனிதர். பாஸ்டனின் முதல் மட்டையாளர் கெவின் மில்லர் அடிக்காமலே, நான்கு தவறான பந்துகளால் முதல் தளத்துக்குப் போகிறார். அவருக்குப் பதிலாக ஓடுவதற்கென்றே டேவ் ராபர்ட்ஸ் இறக்கப்படுகிறார். இரண்டாம் தளத்தைத் திருட, அதாவது மட்டையாளர் அடிக்கும்வரை காத்திராமல் ஓடிப் பிடிக்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேரா மட்டையாளருக்கு ஒரு பந்துகூட எறியாமல், ராபர்ட்ஸை விரட்ட முதல் தளத்துக்கே மூன்று முறை எறிகிறார். பிறகு மட்டையாளருக்கு முதல் பந்து. ராபர்ட்ஸ் ஓடிவிட்டார். பிடிப்பாளர் போசாடாவின் எறிதல் நன்றாகவே வந்தது. அதைப் பிடித்த யாங்கீஸ் ஆட்டக்காரர் டெரக் ஜீட்டரின் கையுறை தொடுவதற்குச் சற்று முன்னால் ராபர்ட்ஸின் கை இரண்டாம் தளத்தைத் தொட்டது. அடுத்து பில் மியூலரின் ஓர் அடியில் ஆட்டம் சமன். நள்ளிரவைத் தாண்டி, 12ஆவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டேவிட் ஆர்டிஸ் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடித்து முடித்தார். மறு ஆட்டத்தை 14ஆவது இன்னிங்ஸில் முடித்து வைத்ததும் அவரே. பாஸ்டன் எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்றது, பிறகு உலகத் தொடரையும்.

அடுத்த ஆண்டே ரெட் சாக்ஸ் நிர்வாகம், தன் வரலாற்றின் மிகச் சிறந்த ‘கிளட்ச்’ மட்டையாளர் என்று பொறித்த பட்டயத்தை ஆர்டிஸுக்குக் கொடுத்தது. மறுபக்கம் நியூயார்க்கின் அலெக்ஸ் ரோட்ரிகஸ். அந்த 2004 தொடரின் ஆறாவது ஆட்டத்தில் தன்னை ஆட்டமிழக்கச் செய்ய வந்த பாஸ்டன் பந்தெறியாளர் பிரான்சன் அரோயோவின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு, நடுவர்களிடம் மாட்டிக்கொண்டார். 2006இல் டெட்ராய்ட் அணியிடம் தோற்ற தொடரில் 14 வாய்ப்புகளில் ஒரே ஒரு அடி. பயிற்சியாளர் அவரை எட்டாவது மட்டையாளராக இறக்கினார். ‘சோக்’ ஆகிறவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2004 தொடரின் நான்காவது ஆட்டத்தில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து யாங்கீஸை முன்னுக்குக் கொண்டுவந்தவர் இதே ரோட்ரிகஸ்தான் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. 2009இல் யாங்கீஸ் கோப்பையை வென்றபோது பருவ இறுதி ஆட்டங்களில் 6 ஹோம் ரன்கள் அடித்தார்.

புள்ளிவிவரக்காரர்கள் இந்தப் பட்டத்தை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். 1977இல் ரிச்சர்ட் கிரேமர் என்ற ஆய்வாளர் 1969, 1970 ஆகிய இரண்டு பருவங்களை ஒப்பிட்டார். முதல் ஆண்டில் இக்கட்டான நேரங்களில் பிரகாசித்தவர்கள் அடுத்த ஆண்டும் அப்படியே பிரகாசித்ததாகத் தெரியவில்லை. திறமை என்றால் அது மறு ஆண்டும் தலைகாட்ட வேண்டாமா என்பது அவர் கேள்வி. ரசிகர்கள் ‘மிஸ்டர் நவம்பர்’ என்று கொண்டாடிய டெரக் ஜீட்டரின் கணக்கு இன்னும் வேடிக்கை. வழக்கமான பருவங்களில் அவருடைய வாழ்நாள் மட்டையடிச் சராசரி .310 (ஆயிரம் வாய்ப்புகளுக்கு 310 வெற்றிகரமான அடிகள்), இறுதிக்கட்ட ஆட்டங்களில் .308. நெருக்கடியில் அவர் உயரவில்லை, எப்போதும் ஆடுகிறபடியே ஆடினார். எதிரே நின்றவர்கள் பருவத்தின் மிகச் சிறந்த பந்தெறியாளர்கள் என்பதை நினைத்தால் அதுவே பெரிய காரியம்.

இனி தமிழுக்கு வருவோம். ‘அழுத்த நேர ஆட்டக்காரர்’ என்று எழுதினால் ரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ‘நெருக்கடி வீரர்’ என்றால் நெருக்கடியை உண்டாக்குகிறவரோ என்ற ஐயம் வரும். ‘ஆபத்பாந்தவன்’ கம்பீரமாக இருக்கிறது, ஆனால் அதில் கோயில் மணியோசை கேட்கிறது, மைதானத்துக்குப் பொருந்தாது.

நேரத்தைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நெருக்கடி, இக்கட்டு இரண்டும் நாள்தோறும் புழங்குகின்றன. இன்னும் பழையது இடுக்கண். துன்பத்தில் கண் இடுங்குவதால் வந்த சொல் என்று விளக்குவது வழக்கம். இடுங்குதல், இடுக்குதல், இடுக்கு, இடுக்கி எல்லாம் நெருங்கிய உறவு. கேரளத்து இடுக்கிக்குப் பெயர் வந்ததும் குறுகலான மலை இடுக்கால்தான். கிளட்ச், பிஞ்ச் ஆகியவை கையால் பிடித்தும் கிள்ளியும் காட்டிய அதே நெருக்கத்தைத்தான் இவையும் காட்டுகின்றன.

ஆளைக் குறிக்கும்போதுதான் கவனம் தேவை. ஆங்கிலச் சொல் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது: மனம் கலங்காதிருப்பது ஒன்று, காரியம் முடிப்பது இன்னொன்று. தமிழில் முதலாவதற்கு ‘இடுக்கண் அழியாமை’ என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. இரண்டாவதற்குக் ‘கைகொடுத்தல்’ இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு ரிவேராவே சான்று. பருவ இறுதி ஆட்டங்களில் அவர் 141 இன்னிங்ஸ் எறிந்து விட்டுக்கொடுத்த ரன் சராசரி ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.70. அப்படிப்பட்டவர் அன்றிரவு முன்னிலையை இழந்தார். மனம் கலங்கியதால் அல்ல, ஓர் ஓட்டக்காரரின் கை சற்று முந்தியதால். 2005 ஏப்ரலில் பாஸ்டன் அணிக்கு வெற்றி மோதிரம் வழங்கிய நாளில் ஃபென்வே பார்க் ரசிகர்கள் ரிவேராவின் பெயர் அறிவிக்கப்பட்டதும் கேலியாக எழுந்து ஆரவாரித்தார்கள், எங்களை வெல்லவைத்தவரே என்று. அவர் சிரித்தபடி தொப்பியை உயர்த்தி ஏற்றுக்கொண்டார். ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்பதற்கு இதைவிட நேரான உரை கிடைக்காது. அவரைக் கலங்காதவர் என்று எழுதலாம். அன்றைய ஆட்டத்தில் கைகொடுத்தார் என்று எழுத முடியாது.

ஆகவே என் பரிந்துரை: பெயராக்காமல் வினையாகவே வையுங்கள். ‘இக்கட்டில் கைகொடுத்தார்’ என்பதை நம் கிரிக்கெட் செய்தியாளர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள், வாசகர் யாரும் விளக்கம் கேட்டதில்லை. பெயர் வேண்டியே தீரும் என்றால் ‘இக்கட்டில் கைகொடுப்பவர்’ போதும். ஒரே அடியைச் சொல்ல ‘தக்க நேரத்து அடி’ பொருந்தும்.

‘சோக்’ என்பதற்கு ஆங்கிலத்தில் தொண்டை அடைப்பது என்று பொருள். 1999 உலகக் கோப்பை அரையிறுதி சமனில் முடிந்து வெளியேறிய தென்னாப்பிரிக்க அணியைப் பல ஆண்டுகள் துரத்திய ‘சோக்கர்’ இதிலிருந்து வந்ததுதான். ‘பதறிக் கோட்டைவிட்டார்’ என்றால் தமிழில் முழுப் பொருளும் வந்துவிடுகிறது. ஆனால் பதறியது உண்மையா என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘கோட்டைவிட்டார்’ மட்டும் போதும். 14க்கு 1 என்ற கணக்கு அதைத்தான் சொல்கிறது, ரோட்ரிகஸின் மனத்துக்குள் என்ன ஓடியது என்பதை அல்ல.