சின்ன ரைஃபிள் போதும், குண்டைப் பார்த்து வாங்குங்கள்

வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்களைத் தோலுரித்து, துண்டு போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்தக் குண்டால் சுட்டார்கள் என்பது மார்புக்கூட்டைத் திறந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சட்டப்படி உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

.243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7 எம்எம்-08 என்ற தோட்டாக்களைச் சுடும், உதை குறைவான சின்ன ரைஃபிள் வைத்திருக்கும் பலருக்கு, இன்னும் பெரியதாக வாங்கியிருக்கலாமோ என்று ஒரு குறை. தேவையே இல்லை. தோளில் பலமாக உதைக்கும் துப்பாக்கிக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே உடம்பை இறுக்கிக்கொள்கிறவர்கள் சுட்ட மான்கள்தான் என் மேசைக்குக் குடல் கிழிந்து வருகின்றன. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற ஏறக்குறைய 20 செ.மீ. வட்டத்துக்குள் நிதானமாகச் சுட முடிந்தால் இந்த மூன்றுமே தாராளம்.

ஆனால் சின்ன ரைஃபிளில் தப்பான குண்டைப் போட்டால் அது மன்னிக்காது. .243-க்கு 55, 58 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டுகள் கிடைக்கும். அவை நரி மாதிரிச் சின்ன விலங்குகளுக்கானவை, பட்டவுடன் சிதற வேண்டும் என்றே செய்தவை. அப்படி ஒன்று தோள்பட்டை எலும்பில் பட்ட மானை வெட்டியிருக்கிறேன்: வெளியே உள்ளங்கை அகலத்துக்குச் சதை கூழாகி, எலும்பு நொறுங்கி, ஈயத் துணுக்குகள் விலா எலும்போடு நின்றுவிட்டன. நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. வலியில் எவ்வளவு தூரம் ஓடியதோ. முழுவதும் உலோகம் போர்த்திய ராணுவ வகைக் குண்டு இதற்கு நேரெதிர். பட்டதும் காளான் மாதிரி விரியாமல், ஊசி குத்தின மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும், மான் மெதுவாகத்தான் சாகும். பல இடங்களில் மானுக்கு அதைத் தடைசெய்திருப்பது சும்மா இல்லை.

சரி, எதை வாங்குவது? .243-இல் ஈயக் குண்டு என்றால் 90 முதல் 100 கிரெயின், மேலுறையோடு ஈயம் ஒட்டவைத்த வகையாகவோ, நடுவில் தடுப்புச் சுவர் வைத்த வகையாகவோ இருக்கட்டும். தடுப்பு வைத்ததை ஜான் நோஸ்லர் 1948-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார், புது விஷயம் ஒன்றுமில்லை. முழுச் செம்பு என்றால் 80, 85 கிரெயினே போதும். செம்பு ஈயத்தைவிட லேசானது, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீளம் கூடினால் வழக்கமான .243 குழலின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள்) அதை நேராகச் சுழற்றிவிடாமல் போகலாம். எடை குறைந்தாலும் செம்பு உடையாது, அதனால் ஆழமாகவே போகும்.

செம்பு விரிய வேகம் வேண்டும், பல வகைகளுக்கு மானில் படும்போது நொடிக்கு 600 மீட்டருக்குக் குறையக் கூடாது. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் வேகமோ குழல் முனையில் அளந்தது, அதுவும் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில். கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று 18, 20 அங்குலக் குழல் வாங்கியவருக்கு அந்த வேகம் கிடைக்காது. உதை குறைவதற்காகவே வெடிமருந்தைக் குறைத்துச் செய்யும் தோட்டாக்களும் உண்டு, அவற்றில் சீக்கிரம் விரிகிற மென்மையான குண்டுதான் இருக்க வேண்டும். எந்த வேகம் வரை விரியும் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். உங்கள் குழலிலிருந்து எத்தனை மீட்டர் வரை அந்த வேகம் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு அப்பால் நிற்கிற மானை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, என் கத்தியோடு சம்பந்தப்பட்டது. சாதாரண ஈயக் குண்டின் துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் பரவும், பல கண்ணுக்கே தெரியாது. நான் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவதைப் பார்த்து இறைச்சி போச்சே என்று சண்டைக்கு வருகிறார்கள். ஈயம் நஞ்சு, வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக்கு மாறிவிடுவதே நல்லது. வெட்டி எறிந்ததை நாய்க்கும் போடாதீர்கள். அப்புறம், ஈயத்திலிருந்து செம்புக்கு மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், வேட்டைப் பருவம் தொடங்கும் முன்பே ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திரும்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.