டேட்டாபேஸ் சர்வருக்குக் கோர் குறைவாக இருப்பதே நல்லது

ஏஎம்டியின் எபிக் 9654 என்ற சர்வர் சிப்பில் 96 கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள், உண்டு. 2022 நவம்பரில் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை 11,805 டாலர். இரண்டு வாங்கினால் 23,610 டாலர். அந்த 192 கோர்களில் ஒரே ஒரு கோருக்கு ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன் லைசென்ஸ் எடுக்கப் பட்டியல் விலையில் 23,750 டாலர் ஆகிறது. இரண்டு சிப்பின் விலையையும் ஒரு கோரின் லைசென்ஸ் தாண்டிவிடுகிறது. ஆகவே டேட்டாபேஸுக்கு சர்வர் வாங்குகிறவர்கள் லைசென்ஸ் கணக்கை முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் சிப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

முன்பெல்லாம் சாதாரண சர்வர்களில் ஒரு சாக்கெட்டில், அதாவது சிப்பைப் பொருத்தும் இடத்தில், ஒரு கோர்தான் இருந்தது. ‘ப்ராசஸர் ஒன்றுக்கு இவ்வளவு’ என்று விலை வைத்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. கடிகார வேகத்தை ஏற்ற ஏற்ற வெப்பம் கட்டுக்கடங்காமல் போனதால், 2005-இல் ஏஎம்டியும் இன்டெலும் ஒரே சிப்பில் இரண்டு கோர்களை வைத்தன. அதோடு ‘ப்ராசஸர்’ என்றால் சாக்கெட்டா, கோரா என்ற கேள்வி எழுந்தது. மைக்ரோசாஃப்ட் முதலில் சாக்கெட்டையே எண்ணியது. தன் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்பிலிருந்து கோருக்கு மாறியது. ஆரக்கிள் கோரை எண்ணி, அதை ஒரு காரணியால் பெருக்கும் வழியைப் பிடித்தது.

அந்தக் காரணி இன்டெல் ஜியான், ஏஎம்டி எபிக் இரண்டுக்கும் 0.5. ஐபிஎம்மின் இன்றைய பவர் சிப்களுக்கு 1. சர்வரில் உள்ள எல்லாக் கோர்களையும் கூட்டி, காரணியால் பெருக்கி, பின்னம் வந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். வருவதுதான் லைசென்ஸ் எண்ணிக்கை. ஒன்றின் பட்டியல் விலை 47,500 டாலர், ஆண்டுப் பராமரிப்பு அதில் 22 சதவீதம். 192 கோர் சர்வருக்கு 96 லைசென்ஸ்: 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர், பிறகு ஆண்டுதோறும் 10 லட்சத்துச் சொச்சம். பார்ட்டிஷனிங் (பெரிய அட்டவணைகளைத் துண்டுகளாகப் பிரிப்பது) போன்ற கூடுதல் வசதிகளுக்கும் இதே எண்ணிக்கையில் தனியாகக் கட்ட வேண்டும்.

இப்போது அதே தலைமுறையின் எபிக் 9174எஃப் சிப்பைப் பாருங்கள். 16 கோர், அடிப்படை வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ். இரண்டு போட்டால் 32 கோர், 16 லைசென்ஸ், 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 9654-இன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 9654-இல் கோருக்கு 4 எம்பி விழுகிறது, 9174எஃப்-இல் 16 எம்பி.

ஆறு மடங்கு கோர் ஆறு மடங்கு வேலை செய்யாதா? டேட்டாபேஸில் பெரும்பாலும் செய்வதில்லை. பரிவர்த்தனைகள் கமிட் ஆகும்போது (நிரந்தரமாகப் பதிவாகும்போது) அவற்றின் பதிவுகள் ரீடோ லாக் என்ற மாற்றப் பதிவேட்டின் பொது வாசல் வழியாகவே போக வேண்டும். ஒரே பிளாக்கை (தரவுத் துண்டை) பலர் தொட்டால் லாட்ச் என்ற உள்பூட்டுக்காக ஒருவர் பின் ஒருவராகக் காத்திருக்க வேண்டும். வேலையில் 5 சதவீதம் இப்படி வரிசையில் நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி மொத்த வேகத்தை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்று சொல்லும் ஆம்டால் விதியில் போட்டால், 32 கோரில் ஒற்றைக் கோரைப்போல் 12.5 மடங்கு வேகம் வருகிறது. 192 கோரில் 18 மடங்கு. கடிகார வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் (4.1-ஐ 2.4-ஆல் வகுத்தால் 1.7) 32 கோர் சர்வர் 21-ஐத் தொட்டு முந்துகிறது. இது தாள் கணக்குதான். பெரிய அட்டவணைகளை முழுக்க அலசும் டேட்டா வேர்ஹவுஸ் வேலை கோர்களை நன்றாகப் பயன்படுத்தும். அங்கே விடை மாறும். ஆனால் வங்கி, பில்லிங் போன்ற பரிவர்த்தனை வேலைகளுக்குக் குறைந்த கோர், அதிக வேகம், நிறைய நினைவகம் என்பதே சரியான தேர்வு.

எஸ்க்யூஎல் சர்வரில் காரணி கிடையாது. இரண்டு கோர் கொண்ட பொட்டலமாக விற்கிறார்கள்; 2022 என்டர்பிரைஸ் பதிப்புக்குப் பொட்டலம் 15,123 டாலர். ஒரு ப்ராசஸருக்கு (இங்கே சிப்புக்கு) குறைந்தது நான்கு கோர் வாங்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது: 2022-இல் அது 24 கோருக்கு மேல் பயன்படுத்தாது, ஆனால் நேரடியாக சர்வரில் நிறுவினால் எல்லாக் கோருக்கும் பணம் கட்ட வேண்டும்.

பெரிய அடி விழுவது மெய்நிகராக்கத்தில், அதாவது ஒரு சர்வரைப் பல மெய்நிகர் எந்திரங்களாகப் பிரித்து ஓட்டுவதில். எட்டு கோர் மெய்நிகர் எந்திரம் ஒன்றை விஎம்வேர் கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தில்) ஓட்டினால் எட்டு கோருக்குத்தான் லைசென்ஸ் என்று எண்ணத் தோன்றும். ஆரக்கிள் அதை மென்பிரிப்பு (மென்பொருளால் மட்டும் செய்த பிரிப்பு) என்கிறது, ஏற்பதில்லை. எந்திரம் எந்த ஹோஸ்ட்டுக்கும் (அதைத் தாங்கும் சர்வருக்கும்) நகரலாம் என்பதால் எல்லா ஹோஸ்ட்டையும் எண்ணச் சொல்வதே அதன் நிலைப்பாடு. 32 கோர் ஹோஸ்ட் எட்டு இருந்தால் 128 லைசென்ஸ். அதனால் ஆரக்கிளுக்கென்று தனி ஹோஸ்ட்களை ஒதுக்குவதே பாதுகாப்பு.

மேகத்தில் (கிளவுடில்) கணக்கே வேறு. ஏடபிள்யூஎஸ், அஷூர் போன்றவற்றில் ஒரு கோர் இரண்டு த்ரெட்களாக இயங்கும் ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஆரக்கிளுக்கு இரண்டு விசிபியு (மெய்நிகர் சிபியு) ஒரு லைசென்ஸ், 0.5 காரணி செல்லாது. சொந்த சர்வரில் 8 கோருக்கு 4 லைசென்ஸ் போதும், மேகத்தில் அதற்கு ஈடான 16 விசிபியுவுக்கு 8 வேண்டும். இதற்காகவே நினைவகத்தைக் குறைக்காமல் விசிபியுவை மட்டும் குறைத்த அளவுகளை அஷூர் தருகிறது: ஈ32-8எஸ் வகையில் 256 ஜிபி நினைவகத்துக்கு 8 விசிபியுதான்.

உங்கள் சர்வரை எண்ணிப் பார்க்க லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை போதும். மேலே வரும் மொத்த சிபியு எண் த்ரெட்களையும் சேர்த்தது, அதை விட்டுவிடுங்கள். சாக்கெட் எண்ணிக்கையை, சாக்கெட்டுக்கு எத்தனை கோர் என்பதால் பெருக்குங்கள். மெய்நிகர் எந்திரத்துக்குள் இந்த எண் செல்லாது, ஹோஸ்ட்டில் பார்க்க வேண்டும்.

எத்தனை கோர் உண்மையில் தேவை என்பதை மாத இறுதி போன்ற உச்ச நேரத்தில் அளக்க வேண்டும். அதற்கு ஆரக்கிளின் செயல்திறன் அறிக்கையான ஏடபிள்யூஆரை எடுக்குமுன் கவனம்: அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற தனி லைசென்ஸ் வேண்டும், என்டர்பிரைஸ் பதிப்பில் அது தானாகவே திறந்தே இருக்கும், பயன்படுத்தியதை டேட்டாபேஸே குறித்தும் வைக்கும். அதே வகை அளவீட்டைத் தரும் பழைய கருவியான ஸ்டேட்ஸ்பேக் இலவசம். காத்திருப்புப் பட்டியலில் லாக் எழுதுவதும் வட்டு வாசிப்பும் முன்னால் நின்றால், கூடுதல் கோர் ஒன்றையும் மாற்றாது.

இந்த அளவீட்டை வாங்கும் முன்பே செய்யுங்கள். ஆரக்கிளில் பிறகு பாதி லைசென்ஸை விட்டுவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் பாதியாகாது. வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி போய், மீதமுள்ளவை பட்டியல் விலையில் மறுபடி கணக்கிடப்படும். பழைய தொகைக்கு அருகிலேயே பில் வந்து நிற்கும்.