தளத்தில் இறங்கும் நீரின் வழி

கட்டி மூன்றே ஆண்டுகளான எங்கள் வீட்டில், சென்ற ஐப்பசி மழையின்போது படுக்கையறை விளக்கைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று படர்ந்தது. தளம் போட்ட ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, கூரையின் அடிப்புறத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்னார். அது தீர்வே அல்ல. மேலிருந்து இறங்கும் நீரை அது கான்கிரீட்டுக்குள்ளேயே தேக்கிவைக்கும்.

சிமென்ட் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீரையே வேதிவினையில் இறுக்கிக்கொள்கிறது. கலவை எளிதாகப் பரவ வேண்டும் என்று குடம் குடமாக ஊற்றப்படும் மிகுதி நீர் பின்னர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. புதிதாகப் போட்ட தளம் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை இரண்டாம் நாளே கைவிட்டால், வினை முடியாமலே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கிறது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது.

அவ்வழியே நுழையும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, அடிப்புறத்தில் காற்றிலுள்ள கரியமிலவாயுவுடன் சேர்ந்து வெள்ளைப் படிவமாக உறைகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பிக்குக் காவல். அது குன்றினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழுள்ள காரை பெயர்ந்து விழுகிறது.

ஆனால் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் பழுது இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டோட்டுக்கு அடியில் நுழைந்த நீர் தளத்தின் மேலேயே பல அடி ஊர்ந்து, மின்கம்பிக்காகப் புதைத்த குழாயைக் கண்டால் அதன் வழியே விளக்குப் பெட்டிக்கு வந்துவிடும். (மின்விளக்கைச் சுற்றி ஈரம் கண்டால் முதலில் அந்த இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.)

ஆகவே மொட்டைமாடியைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம். முதல் மூன்று பாத்திகளால் வளையத்தில் மாற்றமில்லை. வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய நான்காவதில் நீர் விட்ட மறுநாள் காலை வளையம் நனைந்திருந்தது. விளக்கிலிருந்து அந்தச் சுவர் ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. அங்கே தட்டோட்டைப் பெயர்த்தபோது, சுவரும் தளமும் சேரும் மூலை சரிவாக வளைத்துப் பூசப்படாமல் விரல்நுனி நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. வாட்டமும் பத்தடிக்கு அரை அங்குலம்தான் இருந்தது. ஒன்றரை அங்குலமாவது இருந்திருக்க வேண்டும். அளவுகோலை வைத்துக் காட்டிய பிறகு ஒப்பந்தக்காரர் அடிப்புறப் பூச்சைப் பற்றிப் பேசவில்லை. இந்தச் சோதனையைக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே நான் செய்திருக்க வேண்டும்.