கொருக்குப்பேட்டை என்று தேடினால் ஏன் கிடைக்கவில்லை? ஓப்பன் சோர்ஸுக்கு வடசென்னையிலிருந்து ஒரு பங்களிப்பு

கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர். இரண்டுமே 'கொ'வில் தொடங்கும் பெயர்கள். அந்த ஒகரக் குறி யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஒரு எண் கொடுக்கும் உலகத் தரம்) ஒரே குறியாக வரலாம் (எண் 3018). கொம்பும் காலும் தனித்தனியாக, 3014, 3006 என்று இரண்டு குறிகளாகவும் வரலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் விதியைக் கவனிக்காத மென்பொருளில் ஒரு வகையில் சேமித்த பெயரை இன்னொரு வகையில் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து அரைகுறையாக மாற்றிய கோப்புகளிலும், பழைய மேக் கணினிகளின் கோப்புப் பெயர்களிலும் இந்தப் பிரிந்த வடிவத்தைப் பார்க்கலாம்.

நீளக் கணக்கிலும் இதே சிக்கல்தான். கொருக்குப்பேட்டை நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் 16 குறி, யுடிஎஃப்-8இல் (அந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) 48 பைட். பிரிந்த வடிவத்தில் 17 குறி, 51 பைட். முகவரிக் கட்டத்துக்கு 50 பைட் வரம்பு வைத்தால் முதல் வடிவம் தப்பிவிடும். இரண்டாவதில் கடைசி ஐகாரக் குறி பாதியில் வெட்டுப்பட்டு, கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாக நிற்கும்.

ஓப்பன் சோர்ஸில் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) முதல் பங்களிப்பு எங்கே என்று தேடும் வடசென்னை மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பெரும்பாலான திட்டங்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களிடம் இல்லாத சோதனைத் தரவு உங்கள் வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்புவது பங்களிப்பு ஆகாது. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக அப்படிப்பட்ட புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) குவிந்தன. பங்கேற்கச் சம்மதித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வை நடத்தியவர்கள் அந்த மாதமே விதியை மாற்றினார்கள். குவிந்த கோரிக்கைகளைத் திறந்து பார்த்து மூடியவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.

பிழையைக் கண்டதும் நிரலைத் தொடாதீர்கள். யாராவது முன்பே இஷ்யூ (பிழை அறிக்கை) போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். மூடிய இஷ்யூக்களிலும் தேட வேண்டும். இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள்: மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டால் தமிழ் தெரியாதவருக்கு எது பிழை என்றே புரியாது. சொல்லை எழுத்தாகவே ஒட்டி, குறி எண்களையும் எழுதுங்கள். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள் போதும். இலக்கணத்துக்கு அஞ்சி யாரும் ஒதுங்க வேண்டாம். திருத்தத்தை நீங்களே செய்யலாமா என்று அங்கேயே கேட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.

ரெப்போவை (திட்டத்தின் நிரல் களஞ்சியம்) இறக்கும்போது ஒரு கவனம். அதை நகலெடுக்கும் கிட் க்ளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டேட்டாதான் தீரும். டெப்த் 1 என்று கொடுத்தால் சீக்கிரம் இறங்கும், ஆனால் வரலாறு இல்லாததால் பின்னால் ரீபேஸ் (உங்கள் மாற்றத்தைப் புதிய நிரலின் மேல் மீண்டும் அடுக்குவது) செய்யும்போது தடுக்கும். 'ஃபில்டர் ப்ளாப் நன்' தெரிவு மேல்: கமிட் (பதிவுசெய்த மாற்றம்) வரலாறு முழுதும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது இறங்கும்.

முதலில், இப்போது தோற்கும் ஒரு சோதனை நிரலை எழுதுங்கள்: பிரிந்த வடிவத்தில் கொடுங்கையூர் என்று சேமித்து, சேர்ந்த வடிவத்தில் தேடுவது. பிறகு திருத்தம். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நார்மலைஸ் ஃபங்ஷன் உண்டு. அதனிடம் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்தைக் கேட்க வேண்டும். தேடும் பக்கம் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். சேமிக்கும் பக்கமும் மாற வேண்டும், பழைய இண்டெக்ஸையும் (தேடலுக்கான பட்டியல்) மீண்டும் கட்ட வேண்டும். கோப்புப் பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள். லினக்ஸ் அதை வெறும் பைட்டாகப் பார்ப்பதால், வடிவம் மாறினால் இருக்கும் கோப்பே திறக்காது.

ஔகாரம் தனிக்கதை. 'கௌ'வுக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு 'கெள' என்று தட்டுவது நம்மிடம் பரவலான வழக்கம். ளகரம் வேறு எழுத்து என்பதால் நார்மலைஸ் அதைச் சரிசெய்யாது. அதை இதே இஷ்யூவில் சேர்த்தால் குழப்பமே மிஞ்சும்.

பைத்தானுடனேயே வரும் ரெகெக்ஸையும் (எழுத்து வடிவத்தைக் கொண்டு உரையில் தேடும் கருவி) சோதியுங்கள். எழுத்துகளைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, தமிழின் கொம்பு, கால், புள்ளி எதையும் பிடிக்காது. ஊர்ப் பெயர் துண்டு துண்டாகிவிடும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு திருத்தம் மட்டும் இருக்கட்டும். எடிட்டர் தானாக முழுக் கோப்பின் இடைவெளிகளையும் மாற்றிவிட்டதா என்று, மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப்பில் பாருங்கள். 6 வரி மாற்றம் 600 வரியாகத் தெரிந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். பங்களிப்பு விதிகள் உள்ள கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் சைன்-ஆஃப் (உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒப்புதல் வரி) கேட்டிருந்தால் கமிட்டிலேயே சேர்த்துவிடுங்கள். மறுஆய்வில் திருத்தம் சொன்னால் அதே பிராஞ்சில் (கிளையில்) தள்ளுங்கள், புதிதாக இன்னொன்று திறக்க வேண்டாம். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.